எலும்புக்கோட்டை ராணிக்கு ஒரு வாளித் தண்ணீர்

எங்கள் வீட்டில் கார்த்திகை விளக்கைக்கூட மனைவிதான் ஏற்றுவாள். நான் நாலடி தள்ளி நின்று கும்பிட்டுக்கொள்வேன். தீபாவளி என்றால் காதில் பஞ்சோடு குளியலறைக்குள் போய்விடுவேன். வெளியே வருவது மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான். இப்படிப்பட்ட வீரனைப் பார்த்து எங்கள் மேனேஜர் சொன்னார்: "சிவகாசிக்குப் போய்ட்டு வந்துடுங்க. ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் போட்டிருப்பாங்க. ஒரு முருகனையோ அருவியையோ பார்த்து ஆர்டர் கொடுத்துடுங்க."

நான் உடனே சரி என்றேன். மேனேஜரே ஒரு நிமிஷம் அசந்துபோனார். காரணம் முருகன் இல்லை, சாகுல்.

சாகுல் விருதுநகர் பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். மதுரையில் ஒன்றாகப் படித்தோம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறோம். உண்மையில் ஒன்றாகப் படம் பார்த்தோம். பேய்ப்படம், மாயாஜாலப் படம், முகமூடிக் கொள்ளைக்காரன் படம், மந்திரவாதியின் உயிர் கிளிக்குள் இருக்கும் படம். மற்றவர்கள் கதாநாயகனுக்காகப் போவார்கள். நாங்கள் எலும்புக்கூட்டுக்காகப் போவோம். அதைத் தூக்கிப் பிடிக்கும் கறுப்பு நூல் எந்தக் காட்சியில் தெரிகிறது என்று முதலில் கண்டுபிடிப்பவனுக்கு இடைவேளையில் முட்டை போண்டா. அந்தப் பைத்தியம் இருவருக்கும் தெளியவில்லை. அவன் வீட்டுப் பரணிலும் என் வீட்டுக் கட்டிலுக்கடியிலும் வீடியோ கேசட்டும் விசிடியுமாகப் பேய்கள் குடியிருக்கின்றன.

எங்களுக்குள் ஒரே ஒரு தீராத சண்டை உண்டு. 'எலும்புக்கோட்டை ராணி' என்று ஒரு பழைய படம். நாங்கள் பார்த்ததில்லை. பார்த்தவர் எவரையும் நாங்கள் பார்த்ததில்லை. ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம் மட்டும் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் போடுவார்கள். சரியாக உயிர் போகிற இடத்தில் நிறுத்தி, மீதியை வெண்திரையில் காண்க என்று முடித்துவிடுவார்கள். இதிலும் அப்படித்தான். தன்னை மணக்க வருகிறவனையெல்லாம் எலும்பாக்கிவிடும் ராணி. கோட்டைக்குள் இளவரசன் நுழைகிறான். ராணி ஒரு கோப்பையைக் கையில் எடுக்கிறாள். அவ்வளவுதான்.

"அவன் எலும்பாயிட்டான். படம் முடிஞ்சுருச்சு" என்பது சாகுலின் கட்சி. தமிழில் துணிந்து எடுத்த ஒரே பேய்ப்படம் அதுதான் என்று கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான். எப்படியும் கல்யாணத்தில்தான் முடித்திருப்பார்கள் என்பது என் கட்சி. பந்தயமும் கட்டியிருந்தோம். தோற்றவன் தன் கேசட், விசிடி அத்தனையையும் ஜெயித்தவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். படம் கிடைக்கவே போவதில்லை என்ற தைரியத்தில் கட்டிய பந்தயம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்ட வாரத்தில்தான் சாகுல் போனில் கத்தினான்: "மாப்ள, கடைசி ரீலு கெடச்சுருச்சுலே!"

முதல் நாள். விருதுநகரில் இறங்கியதும் ஆடிக்காற்று ஒரு கூடை மண்ணை முகத்தில் கொட்டி வரவேற்றது. சென்னை வெயில் வியர்க்க வைக்கும். இந்த ஊர் வெயில் வியர்க்கக்கூட ஈரம் விட்டுவைக்காது. சாயங்காலம் சாகுல் எண்ணெய் பரோட்டாவுக்குக் கூட்டிப் போனான். சென்னையில் பரோட்டாவைக் கல்லில் போட்டு எண்ணெய் தடவுகிறார்கள். இங்கே எண்ணெயில் போட்டுப் பொரித்தே எடுக்கிறார்கள். அப்பளம்போல நொறுங்கியதைச் சால்னாவில் ஊறப்போட்டுத் தின்றோம். எத்தனை தின்றேன் என்பதை என் டாக்டரும் படிக்க வாய்ப்பிருப்பதால் எழுதவில்லை.

இரவு சாகுலின் மனைவி மும்தாஜ் பாய் விரித்தபடி கேட்டார்: "அண்ணே, நீங்க ஜெயிச்சா பரண்ல கெடக்கிறதையெல்லாம் நெசமாவே அள்ளிட்டுப் போயிருவீகளா?"

"பந்தயம்னா பந்தயந்தாம்மா."

"அப்ப நீங்கதாண்ணே ஜெயிக்கணும். நான் நோன்பு வச்சுக் கேக்குறேன்."

சாகுல் சிரிக்கவில்லை. பரணை ஒரு முறை அண்ணாந்து பார்த்தான். அப்போதுதான் எனக்கும் என் கட்டிலுக்கடி ஞாபகம் வந்து தூக்கம் போய்விட்டது. பரோட்டாவாகவும் இருக்கலாம்.

இரண்டாம் நாள் கிரேஸ் டீச்சர் வீட்டுக்குப் போனோம். ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். அவருடைய அப்பா ஒரு காலத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். கொட்டகையில் கடைசியாக ஓடிய படம் இதுதானாம். கம்பெனிக்குத் திருப்பி அனுப்பியபோது கடைசி ரீல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

"வாங்க தம்பி, உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போய் ஒரு வட்டத் தகர டப்பாவோடு வந்தார். எலி தள்ளிவிடாமல் இருக்க அரிசி டிரம்மின் மூடிமேல் பாரமாக வைத்திருந்தாராம்.

"நீங்க பாத்திருக்கீகளா டீச்சர்? முடிவு என்ன?" என்றான் சாகுல், டப்பாவை வாங்கக்கூட மறந்து.

"எங்க அப்பாரு எங்களையா பேய்ப்படம் பாக்க விடுவாரு? ஊருக்குப் படம் காட்டுவாரு, எங்களுக்கு ஜெபப் புஸ்தகம். எடுத்துட்டுப் போங்க. ஒரே புளிச்ச காடி நாத்தம். அரிசியில ஏறிறப் போகுதுன்னு பயந்துக்கிட்டிருக்கேன்."

மூன்றாம் நாள்தான் நான் சாக இருந்த நாள். என் கணக்கில் மட்டும்.

சிவகாசியில் ஒரு பழைய தியேட்டர் ஆபரேட்டர், பகல்காட்சி முடிந்ததும் ரீலை ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் நான், என் மடியில் டப்பா, பக்கத்தில் சாகுல். வெயில் நேராக டப்பாமேல் விழுந்தது.

"டப்பா சுடுதுடா" என்றேன்.

"சுடத்தான் செய்யும். பழைய பிலிம்லே. அந்தக் காலத்துப் பிலிம் வெடிமருந்து செய்யிற சாமான்லதான் செஞ்சதாம். சூடு ஏறுனா தானாப் பத்திக்கிருமாம். பத்திச்சுன்னா தண்ணி ஊத்துனாலும் அணையாதாம்" என்றான், கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வதுபோல.

"எப்பலேருந்துடா இது தெரியும் உனக்கு?"

"ரொம்ப நாளாத் தெரியும்."

"டப்பாவை என் மடியில வைக்கும்போது?"

"அப்பயும் தெரியும். எனக்குச் சக்கரை இருக்குல்ல மாப்ள, மடியில சூடு ஆகாது."

அந்த நிமிஷத்திலிருந்து நான் மனிதனாக இல்லை. டப்பாமேல் என் கைக்குட்டையைப் போட்டேன். கைக்குட்டை தீப்பிடிக்குமே என்று எடுத்தேன். சட்டையைக் கழற்றி நிழல் பிடித்தேன். முன் சீட்டுப் பெரியவர் காதில் செருகியிருந்த பீடியை எடுத்தபோது, "ஐயா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் பீடியைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு பக்கத்து ஆளிடம் சொன்னார்: "பாவம், புள்ளய எங்கயோ வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போறாக போல."

ஆமத்தூர் தாண்டியதும் 'டமார்' என்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு மனைவியின் பெயரைச் சொன்னேன். திறந்து பார்த்தால் பஸ்ஸின் பின் டயர்.

அடுத்த பஸ் எப்போது என்று கண்டக்டருக்கே தெரியவில்லை. சாலையில் வந்த ஒரு வேனைச் சாகுல் கைகாட்டி நிறுத்தினான். டிரைவர் அவன் கடை வாடிக்கைக்காரர். "ஏறுங்க அண்ணாச்சி. போற வழியில கம்பெனியில லேபிள் காயிதத்த இறக்கிட்டு உங்களச் சிவகாசில விட்டுர்றேன்." நான் ஏறும்போதுதான் வேனின் பக்கவாட்டைப் பார்த்தேன். பட்டாசுக் கம்பெனியின் பெயர். அதற்கும் கீழே சிவப்பில், பெரிதாக, 'வெடிபொருள்'.

"இன்னைக்கு உள்ள வெறும் காயிதந்தான் சார்" என்றார் டிரைவர். காகிதம் எரியாது என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேனை நிறுத்தினார். "தீப்பெட்டி, பீடி, சிகரெட்டு, செல்லு, எல்லாத்தையும் இங்கன வச்சுருங்க. சார், அது என்ன டப்பா? முறுக்கா?"

"ஆமா, முறுக்குத்தான்" என்றான் சாகுல்.

எனக்குப் பொய் வராது என்றில்லை. பயம் வந்தால் வராது. "முறுக்கு இல்லைய்யா! தீப்பிடிக்கும்! இது தீப்பிடிக்கும்!" என்று கூவிவிட்டேன்.

அந்தச் சொல்லை அந்த ஊரில் யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. உள்ளே ஒரு மணி விடாமல் அடித்தது. தள்ளித் தள்ளிக் கட்டியிருந்த சின்னச் சின்ன அறைகளிலிருந்து பெண்களும் ஆண்களும் வெறுங்காலோடு வெளியே வந்து, கத்தாமல், ஒருவரை ஒருவர் தள்ளாமல், திறந்த வெளிக்கு நடந்தார்கள். கத்தியவன் நான் ஒருவன். வேனைச் சுற்றி ஓடியவனும் நான் ஒருவன். டப்பாவோடு ஓடினேன் என்பதைச் சாகுல் பிறகு சொல்லித்தான் தெரியும்.

ஃபோர்மேன் சுந்தர்ராஜ் வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, கையெல்லாம் வெள்ளிப் பொடி. டப்பாவை என்னிடமிருந்து மெல்ல வாங்கி, வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் தரையில் வைத்தார். "இம்புட்டுத் தூரம் இத மடியில வச்சுக்கிட்டா வந்தீக? அதும் எங்க வேன்ல?"

"ஒண்ணும் ஆகாது சார், பாருங்க" என்று சாகுல் மூடியைத் திறந்தான். காடி வாடை குப்பென்று வந்தது. காற்றில் புழுதி எழுந்தது. என் கண்ணுக்கு அது புகை.

பக்கத்தில் வரிசையாகச் சிவப்பு வாளிகள். சிலதில் மணல், சிலதில் தண்ணீர். ஒன்றைத் தூக்கி அப்படியே டப்பாவுக்குள் கவிழ்த்தேன். தண்ணீர் வாளி. மணலாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"அடப்பாவி!" சாகுல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "மாப்ள, கொன்னுட்டியேலே!"

ஃபோர்மேன் அசரவில்லை. "இருங்க. மொதல்ல இது என்ன சாதிச் சாமான்னு பாப்போம். நாங்க எதையும் மூணு தடவ கொளுத்திப் பாக்காம நம்ப மாட்டோம். ராசாத்தி, துண்டு எடு தாயி."

ராசாத்தி என்ற பெண் கத்தரியோடு வந்தார். எங்கே வெட்டுவது? சாகுல் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்: "மேலே இருக்கிறதுதான் ரீலோட ஆரம்பம். அதில வெட்டினா கதைக்கு நஷ்டமில்லை." அவர் மேல்நுனியில் மூன்று துண்டு வெட்டி, வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தார். சாலைக்கு அப்பால் வெடி சோதிக்கும் குழியில் வைத்து ஃபோர்மேன் ஊதுபத்தியால் பற்றவைத்தார். நான் வேனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு, காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

துண்டு சுருண்டது. நாறியது. சோம்பேறியாக ஒரு சுடர் வந்து அணைந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்குச் சுடரே இல்லை.

"பிந்தி வந்த பிலிமு போல. வெடிக்காத ரகம்" என்று முனகினான் சாகுல்.

"இதுக்கா சார் ஆள அம்புட்டையும் வெளிய இழுத்தீக? நாங்க சோறு கொண்டார பை இதவிட நல்லா எரியும்" என்றார் ஃபோர்மேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வேனுக்குப் பின்னாலிருந்து மட்டும் வெளியே வரவில்லை.

ஆனால் சாகுல் சிரிக்கவில்லை. ஈரமான பிலிமைச் சுருட்டி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து வந்துவிடும். ஊரிலேயே ஒரே ரீல். "கடைசி வரைக்கும் தெரியாமலே போயிருச்சு மாப்ள" என்றான். பரணைப் பார்த்த அதே பார்வை.

ராசாத்திதான் கேட்டார். "ஏண்ணே, ஈரந்தானே? நூலு காயப்போடுற கம்பம் சும்மாதானே நிக்குது?"

வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு களம். திரிக்கு மருந்து தோய்க்கும் முன்னால் நூலைக் கஞ்சி போட்டு இழுத்துக் காயவைப்பதற்காக இரண்டு வரிசைக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். எப்படியும் சாப்பாட்டு நேரம். ஃபோர்மேன் வானத்தைப் பார்த்தார், வேலை நின்றுபோன அறைகளைப் பார்த்தார், என்னை மட்டும் முறைத்துப் பார்த்தார். "என்ன படம்?" என்று கேட்டார். சாகுல் சொன்னான். "பேய்ப்படமா? சரி, இழுங்க."

கைகழுவிவிட்டு வந்த பெண்கள் நனைந்த மேல் சுற்றுகளை நோகாமல் பிரித்து, ஓரத்தை மட்டும் பிடித்து, கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டினார்கள். எங்கேயும் தொய்வில்லை, முறுக்கில்லை. உள்சுற்றுகள் நனையவே இல்லை. சற்று நேரத்தில் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண் உயரத்தில் எங்கள் ராணி வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தாள். வானம் பின்னால் வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு படமும் தெரிந்தது!

ஒரே சிக்கல். பிலிமைப் படுக்கையாக இழுத்தால் படமும் படுத்துக்கொள்கிறது. பார்க்கிறவர்கள் தலையைத் தோளில் சாய்க்க வேண்டும். முன்னால் சாகுல், அடுத்து நான், பின்னால் தூக்குவாளியும் கையுமாகப் பட்டாசுக் கம்பெனியின் அன்றைய ஷிப்ட், அத்தனை பேரும் கழுத்துச் சுளுக்கியவர்கள்போல வரிசையாக நடந்தோம். படம் நின்றது, நாங்கள் ஓடினோம்.

முதல் கம்பம்: ராணியும் இளவரசனும் மாலையும் கழுத்துமாக. "கல்யாணம்!" என்று குதித்தேன். "நான் ஜெயிச்சுட்டேன்!"

"இருலே, படம் இன்னும் இருக்கு."

இரண்டாவது கம்பத்தில் மாலையைக் காணோம். இளவரசன் தனியாக நின்றான். மூன்றாவதில் அவனைச் சுற்றிப் புகை. புகை கூடிக்கொண்டே போனது. நாலாவது கம்பத்தில் புகை விலக, தரையில் எலும்புக்கூடு. அதன் பக்கத்தில் கோப்பையோடு ராணி.

"தாலி கட்டுனவனையேவா!" என்று ஒரு அம்மாள் வாயில் வைத்த கவளத்தை நிறுத்தினார். பக்கத்துப் பெண் நிதானமாகச் சொன்னார்: "அவன் என்ன செஞ்சானோ."

சாகுலுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாப்ள, நான் சொன்னதுக்கும் மேலலே! கட்டிக்கிட்டு எலும்பாக்கிட்டா! எந்த மொழியில இருக்கு இப்பிடி ஒரு முடிவு?" என்று என்னைக் கட்டிக்கொண்டான். எனக்குக் கட்டிலுக்கடியில் உள்ளதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்துபோனது. ஆனாலும் உடம்பு சிலிர்த்தது நிஜம். இப்படி ஒரு படம் எடுத்தவனை நேரில் பார்த்தால் காலில் விழலாம் என்று தோன்றியது.

கருவாட்டுக் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ராசாத்தி சாவகாசமாகக் கேட்டார்: "அப்ப அந்தச் சுபம் எதுக்குண்ணே மொதல்லயே போட்டான்?"

"எந்தச் சுபம்?"

"நாம கொளுத்துனமே மொதத் துண்டு. அதுல 'சுபம்'னு படுத்துக் கெடந்துச்சே."

சாகுல் என்னைக் கட்டியிருந்த கையை மெல்ல எடுத்தான். பிறகு தன் நெற்றியில் அறைந்துகொண்டான். கொட்டகையில் கடைசி ஆட்டம் முடிந்த கடைசி ரீல். அதை எந்த ஆபரேட்டர் மெனக்கெட்டுத் திரும்பச் சுற்றியிருக்கப் போகிறான்? முடிவு மேலேயும் ஆரம்பம் அடியிலுமாக அப்படியே டப்பாவில் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கதையைப் பின்பக்கமாக நடந்திருக்கிறோம்.

திரும்ப அந்தக் கோடியிலிருந்து, பிலிமின் மறுபக்கமாக, இப்போது வலது தோளில் சாய்த்த தலையோடு, நடந்து வந்தோம். முன்னாலேயே எலும்பாகிக் கிடக்கிறவன்மேல் ராணி மனமிரங்கிக் கோப்பையைச் சாய்க்கிறாள். புகை. புகைக்குள்ளிருந்து இளவரசன். மாலை. கல்யாணம். சுபம், அதாவது சாம்பல்.

நான் ஜெயித்துவிட்டேன். கை தட்டினேன். அது எனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது, ஏனென்றால் வேறு யாரும் தட்டவில்லை.

"மொத தடவ பாத்ததுதான் நல்லாருந்துச்சு" என்றார் கவளத்தை நிறுத்திய அம்மாள். "இது எல்லாப் படத்துலயும் வர்றதுதானே."

"ஆமா, இவ எதுக்கு இரங்குறா?" என்றார் இன்னொருவர்.

சாகுல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பரண்ல இருக்கிறத லாரி ஆபீஸ்ல போட்டு விடுறேன்" என்றான். பந்தயச் சாமான் போவது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஊரெல்லாம் மெச்சிக்கொண்டிருந்த படம் ஒரு சாதாரணப் படமாகிவிட்டது. அதுதான் அவனை அப்படி நிற்க வைத்திருந்தது. பத்து நிமிஷம் மட்டும் இருந்த அந்தப் படம் எனக்கும்தான் போய்விட்டது.

சாப்பாடு முடிந்ததற்கு மணி அடித்தது. பெண்கள் தூக்குவாளிகளைக் கழுவ எழுந்தார்கள். "சீக்கிரம் சார், ராணியச் சுருட்டணும். எனக்கு ஆர்டர் கெடக்கு" என்று ஃபோர்மேன் குரல் கொடுத்தார்.

"ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிச் சாகுலின் சட்டையைப் பிடித்து முதல் கம்பத்துக்கு இழுத்தேன். "வாடா, இந்தப் பக்கத்திலேருந்து இன்னொரு தடவை."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு தலையை இடது தோளில் சாய்த்தான். நானும் சாய்த்தேன். மாலை கழன்றது. புகை வந்து இளவரசனைச் சுற்றியது. எங்களுக்குப் பின்னால் வெறுங்கால்கள் நடந்து வரும் சத்தம் கேட்டது. ராசாத்தி, கவளத்து அம்மாள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். நாலாவது கம்பத்தில் எலும்புகள் தரையில் விழுந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

"செத்தான்லே!" என்றான் சாகுல், முகமெல்லாம் பல்லாக.

"செத்தான்" என்றேன்.